துண்டுப்பிரசுரத்தின் கடைசி வரி: தேர்தல் காசும் வன்னியும்

தேர்தல் முடிந்து மாதங்கள் கடந்த பின்னரும், வவுனியாவில் பல வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு அருகிலோ மேசை விரிப்பின் அடியிலோ வேட்பாளர்களின் துண்டுப்பிரசுரங்கள் கிடக்கும். தடித்த மினுக்குத் தாள், நாலு நிற அச்சு, ஒரு பக்கத்தில் கும்பிட்ட கைகளோடு வேட்பாளர், மறுபக்கத்தில் சின்னமும் விருப்பு இலக்கமும். அதன் அடியில், கண்ணாடி போட்டாலும் சிரமப்பட்டே வாசிக்கக்கூடிய அளவில், இன்னொரு வரி இருக்கும். அச்சிட்டவரின் பெயர், முகவரி. வெளியிட்டவரின் பெயர், முகவரி. தேர்தல் சட்டம் கட்டாயப்படுத்துவதால்தான் அந்த வரி அங்கே நிற்கிறது. எத்தனை ஆயிரம் பிரதிகள் அடிக்கப்பட்டன, அச்சகத்துக்குக் காசு கொடுத்தவர் யார் என்ற இரண்டையும் அது சொல்வதில்லை. ஆனாலும் 1981இலிருந்து 2023 வரையான நான்கு தசாப்தங்களில், இலங்கைத் தேர்தலில் புழங்கிய பணம் காகிதத்தில் தடம் விட்டுச்சென்ற மிகச் சில இடங்களுள் அந்தக் கடைசி வரியும் ஒன்று.

2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவினத்தை ஒழுங்குபடுத்தும் சட்டம் இந்நிலையை மாற்ற வந்தது. 2023 ஜனவரி 19 அன்று பாராளுமன்றத்தில் நிறைவேறி, அதே மாதம் 24ஆம் திகதி சபாநாயகரின் கையொப்பத்தைப் பெற்ற இச்சட்டம், 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலிலும், அதே ஆண்டு நவம்பர் பொதுத் தேர்தலிலும், 2025 மே உள்ளூராட்சித் தேர்தலிலும் நடைமுறைக்கு வந்தது. இது எவ்வாறு இயங்குகிறது, எதை எண்ணுகிறது, எதை எண்ணாமல் விடுகிறது என்பதை, மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகியவை அடங்கிய வன்னித் தேர்தல் மாவட்டத்தில் நின்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: செலவழித்தவரிடம் கணக்குக் கேட்பதில் இச்சட்டம் ஒரு நல்ல தொடக்கம், கொடுத்தவர் யார், எதற்காகக் கொடுத்தார் என்று கேட்பதில் அது மிகவும் பின்தங்கி நிற்கிறது. வன்னி போன்ற ஒரு நிலத்தில் இந்த இரண்டாவது கேள்விதான் கனமானது.

செலவுக்கு வரம்பு என்பது இந்த மண்ணுக்குப் புதிய யோசனை அல்ல. பிரித்தானியா 1883இல் ஊழல் மற்றும் சட்டவிரோத நடத்தைகளைத் தடுக்கும் சட்டமொன்றை இயற்றி, வேட்பாளரின் செலவுக்கு உச்சவரம்பு விதித்ததோடு, அந்தச் செலவு ஒரு தேர்தல் முகவரின் கை வழியாகவே போகவேண்டும் என்றும் ஒழுங்கு செய்தது. சுதந்திரத்துக்குச் சற்று முன், 1946ஆம் ஆண்டின் பாராளுமன்றத் தேர்தல்கள் கட்டளை வழியாக இதே அமைப்பு இங்கே வந்தது. அக்காலத்தில் வவுனியா ஒரு தொகுதி, மன்னார் ஒரு தொகுதி. 1977இல் முல்லைத்தீவும் தனித் தொகுதியாகத் தேர்தலைச் சந்தித்தது. ஒரு தொகுதி, ஒரு கட்சிக்கு ஒரு வேட்பாளர், அவருக்கு ஒரு முகவர், அவரிடம் ஒரு கணக்கு. கணக்கு உண்மையாக எழுதப்பட்டதா என்பது வேறு விடயம். யாரிடம் கேட்பது என்பதிலாவது குழப்பம் இருக்கவில்லை.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொண்டுவந்தபோது அந்த மூன்று தொகுதிகளும் ஒன்றிணைந்து வன்னித் தேர்தல் மாவட்டம் ஆயின. நிலத்தால் வன்னியேயான கிளிநொச்சி, யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது. அதனால் ஒரே வயல்வெளியில், ஒரே குளத்து நீரில் வாழும் மக்கள் இரண்டு வாக்குச்சீட்டுகளுக்குப் பிரிந்தார்கள். புதிய முறைக்காக எழுதப்பட்ட 1981ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டத்தில் பழைய செலவு வரம்பு இடம்பெறவில்லை. போட்டியிடுவது கட்சியின் பட்டியல். ஆகவே தனி வேட்பாளரின் செலவை எண்ணத் தேவையில்லை என்று அதற்கு ஒரு நியாயம் சொல்லியிருக்கலாம். ஆனால் 1988இல் 14ஆவது திருத்தம் விருப்பு வாக்கைக் கொண்டுவந்தது. வாக்காளர் ஒரு கட்சிக்குப் புள்ளடி இட்டபின், அதன் பட்டியலில் மூவர் வரையில் தெரிவுசெய்யலாம் என்றாயிற்று. அந்த நாளில் இருந்து பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவரும் மற்றக் கட்சிக்காரரோடு மட்டுமல்ல, தன் சொந்தக் கட்சிக்காரரோடும் போட்டியிடுகிறார். வன்னியில் 6 ஆசனங்கள். பட்டியலில் 9 பேர். ஒரே சின்னத்தின் கீழ் ஒன்பது தனித்தனிப் பிரசாரம், ஒன்பது துண்டுப்பிரசுரம், ஒன்பது வான். கணக்குக் கேட்கும் விதி எடுபட்டுப்போனதும், செலவைப் பலமடங்காக்கும் முறை உள்ளே வந்ததும் ஏழு ஆண்டுகளுக்குள் நிகழ்ந்தன. இலங்கையின் தேர்தல் பணம் பற்றி எழுதுவோர் இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பது குறைவு. நான் அதையே இக்கதையின் நடுமுடிச்சு என்று கருதுகிறேன்.

இடைப்பட்ட காலத்தில் நடந்தவற்றுக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். 2015 ஜனாதிபதித் தேர்தலுக்கு முன், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 60 கோடி ரூபாவைக் கொண்டு விகாரைகளுக்குச் சில் துணி (பௌத்தர்கள் சில் அனுட்டிக்கும்போது உடுத்தும் வெள்ளைத் துணி) விநியோகிக்கப்பட்டதாக வழக்குத் தொடரப்பட்டது. 2017 செப்டெம்பரில் கொழும்பு மேல் நீதிமன்றம் இரண்டு உயர் அதிகாரிகளைக் குற்றவாளிகளாகக் கண்டது. 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. இரண்டாவது, அதே தேர்தலில் சீனத் துறைமுக நிர்மாண நிறுவனமொன்றின் பணம், குறைந்தது 76 இலட்சம் அமெரிக்க டொலர், அப்போதைய ஜனாதிபதியின் பிரசாரத்தோடு தொடர்புடையவர்களுக்குச் சென்றது என்று 2018 ஜூனில் நியூயோர்க் ரைம்ஸ் வெளியிட்ட செய்தி. நிறுவனமும் முன்னாள் ஜனாதிபதியும் அதனை மறுத்தனர். இங்கே எவர் சரி என்று தீர்ப்புச் சொல்வது என் நோக்கம் அல்ல. அந்தச் செய்தி வெளியானபோது, அதனை உறுதிப்படுத்தவோ பொய்யென்று நிறுவவோ ஒரு குடிமகன் எடுத்துப் பார்க்கக்கூடிய நன்கொடைப் பதிவு எதுவும் இந்நாட்டில் இருக்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவருக்கும் அது அநீதியே.

2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதுகெலும்பு ஒரு பெருக்கல் கணக்கு. ஒவ்வொரு தேர்தலிலும், ஒரு வாக்காளருக்கு எவ்வளவு ரூபா செலவிடலாம் என்பதைத் தேர்தல்கள் ஆணைக்குழு, கட்சிகளோடும் சுயேச்சைக் குழுக்களோடும் கலந்தாலோசித்து நிர்ணயிக்கிறது. அதனை வாக்காளர் எண்ணிக்கையால் பெருக்கினால் உச்சவரம்பு கிடைக்கும். 2024 ஜனாதிபதித் தேர்தலில் ஆணைக்குழு நிர்ணயித்த தொகை வாக்காளருக்கு 109 ரூபா. பதிவுபெற்ற வாக்காளர் 1,71,40,354 பேர். ஆகவே ஒரு வேட்பாளருக்கு 186 கோடியே 82 இலட்சத்து 98 ஆயிரத்து 586 ரூபா. இதில் நூற்றுக்கு 60 வீதத்தை வேட்பாளரும், 40 வீதத்தைக் கட்சியின் செயலாளரும் செலவிடலாம். பொதுத் தேர்தலில் தொகை மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபட்டது.

இந்தப் பெருக்கலை வன்னிக்குக் கொண்டுவந்து பார்ப்போம். அந்த ஆண்டு வன்னித் தேர்தல் மாவட்டத்தின் வாக்காளர் ஏறத்தாழ 3 இலட்சத்து 6 ஆயிரம். 109 ரூபாப்படி வன்னியின் பங்கு சுமார் 3 கோடியே 33 இலட்சம் ரூபா. கொழும்பு மாவட்டத்தின் வாக்காளர் சுமார் 17 இலட்சத்து 65 ஆயிரம். அதன் பங்கு 19 கோடி ரூபாவைத் தாண்டுகிறது. தலைக்கு ஒரே தொகை என்பதால் இது நியாயமாகத் தோன்றும். ஆனால் கொழும்பு மாவட்டத்தின் பரப்பு 699 சதுர கிலோமீற்றர். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்தால் ஆறாயிரத்து ஐந்நூறுக்கும் மேல். ஒரு சதுர கிலோமீற்றருக்கு என்று வகுத்தால் கொழும்பில் இரண்டே முக்கால் இலட்சம் ரூபா. வன்னியில் ஐயாயிரம் ரூபா. தலைமன்னாரில் காலையில் கூட்டம் பேசிவிட்டு, முசலியையும் மடுவையும் தொட்டு, செட்டிகுளம் வழியாக வவுனியாவுக்கு வந்து, மறுநாள் நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு என்று கொக்கிளாய்க் கரைவரை போய்த் திரும்பும் ஒரு வேட்பாளரின் செலவில் பெரும் பங்கை எரிபொருளே தின்றுவிடும். ஆட்கள் குறைவு, தூரம் அதிகம் என்ற இந்த நிலத்தின் இயல்பைத் தலைக்கணக்கு மட்டும் ஒருபோதும் பிடிக்காது. வரம்பை நிர்ணயிக்கையில் பரப்பையும் கணக்கில் எடுக்கவேண்டும் என்று வன்னியில் இருந்து கேட்பது சலுகைக்கான கோரிக்கை அல்ல. கொழும்பின் வீதிகளை மனத்தில் வைத்துப் போட்ட வரம்பு இங்கே நேர்மையானவரையும் பொய்க்கணக்கு எழுதத் தள்ளும்.

வரம்பு மட்டும் போதாது, வாசலும் வேண்டும். சட்டம் சில வாசல்களை அடைத்திருக்கிறது. அமைச்சு, திணைக்களம், அரச கூட்டுத்தாபனம், உள்ளூராட்சி சபை ஆகியவற்றிடம் இருந்து நன்கொடை வாங்க முடியாது. வெளிநாட்டு அரசு, சர்வதேச அமைப்பு, வெளிநாட்டில் கூட்டிணைக்கப்பட்ட நிறுவனம் ஆகியவற்றிடமும் முடியாது. கொடுத்தவர் இன்னாரென்று தெரியாத பணமும் வாங்கக் கூடாது. நன்கொடை என்பது காசு மட்டுமல்ல. பொருளாகவோ சேவையாகவோ வந்தாலும் நன்கொடையே. ஆனால் உள்நாட்டில் ஒரு தனியாளோ ஒரு கம்பனியோ ஒரு வேட்பாளருக்கு அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கு வரம்பு இல்லை. வேட்பாளர் தன் செலவு வரம்பு முழுவதையும் ஒரே ஒருவரின் பணப்பையில் இருந்து நிரப்பினாலும் சட்டம் தடுக்காது. அவர் பாராளுமன்றம் போனபின் அந்த ஒருவர் கதவைத் தட்டும்போது திறக்காமல் இருக்க எத்தனை பேரால் முடியும்?

2024 டிசம்பர் முதல் வாரத்தில், மழை விட்டிருந்த ஒரு பின்னேரம், ஒரு சுயேச்சைக் குழுவில் போட்டியிட்டுத் தோற்றவரின் வீட்டுக்கு, அவருடைய கணக்கை எழுத உதவப் போயிருந்தேன். பொதுத் தேர்தலுக்கான கணக்கறிக்கையை ஒப்படைக்கக் கடைசி நாள் டிசம்பர் 6. சுயேச்சைக் குழுவுக்குக் கட்டுப்பணம் தலைக்கு 2,000 ரூபா. வன்னியில் ஒன்பது பேருக்கு 18,000 ரூபா. அந்தப் பற்றுச்சீட்டு ஒன்றுதான் கோப்பில் ஒழுங்காக இருந்தது. மற்றவை ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் கிடந்தன: அச்சகத்தின் பில், ஒலிபெருக்கிக்காரரின் கையெழுத்துச் சீட்டு, ஈரம் பட்டு மை பரவிய இரண்டு எரிபொருள் துண்டுகள். "மிச்சப் பெற்றோல் எங்க தம்பி?" என்று அவருக்காக ஓடித் திரிந்த இளைஞரைக் கேட்டேன். "அதுக்குச் சீட்டில்லை அண்ணை. பெடியள் தங்கட மோட்டச்சைக்கிளுக்குத் தாங்களே அடிச்சவங்கள். வானுக்குச் சித்தப்பா கனடாவில இருந்து எனக்கு அனுப்பினவர், அவருக்கில்லை." மதியச் சாப்பாட்டுப் பார்சல் எல்லாம் அவருடைய தாயார் சமைத்தது, அரிசி அயலார் தந்தது. தேர்தல் அலுவலகமாக இருந்த கடை, வாடகைக்கு ஆள் வராமல் பூட்டிக்கிடந்த ஒன்று. உரிமையாளர் காசு கேட்கவில்லை.

அந்தப் படிவத்தின் முன் நாங்கள் மூவரும் இருந்து ஒவ்வொன்றாக யோசித்தது இன்றும் நினைவில் இருக்கிறது. தாயாரின் சமையல் நன்கொடையா? அயலாரின் அரிசி நன்கொடையா? கடையின் வாடகையை எந்தத் தொகைக்கு மதிப்பிடுவது? சித்தப்பாவின் பணம் பெறாமகனுக்கு வந்தது. அவன் அதை வானுக்கு ஊற்றினான். அப்படியானால் நன்கொடையாளர் பெறாமகனா, சித்தப்பாவா? இவர்கள் நேர்மையாக எழுத விரும்பியவர்கள். எழுத விரும்பாத ஒருவருக்கு, பெரும் தொகைகளை மறைக்க இதே வழிகள் எவ்வளவு வசதியானவை என்பது எனக்கு அந்த மேசையில்தான் முழுமையாக விளங்கியது.

வன்னியின் தேர்தல் பணத்தில் பெரும்பகுதி இப்படிக் காசாக அல்லாமல் பொருளாகவும் உழைப்பாகவும் உறவாகவும் வருகிறது. அதில் நல்லதும் உண்டு. பணமற்ற ஒருவரைத் தாங்கிப் பிடித்து வாக்குக் கேட்கச் செய்வது அந்த உறவே. போரில் வீடு, மாடு, உழவு இயந்திரம் எல்லாம் இழந்து மீண்டுவந்த ஊர்களில் வேறு மூலதனம் எங்கே இருந்தது? ஆனால் இதே பொருள் வடிவம்தான், ஒப்பந்தகாரர் ஒருவர் தரும் இரண்டு வாகனத்தையும், கிறவல் அகழும் ஒருவர் செப்பனிட்டுத் தரும் கோயில் வீதியையும், தேர்தலுக்கு மூன்று மாதம் முன் விளையாட்டுக் கழகங்களுக்கு வந்து இறங்கும் சீருடைகளையும் கணக்குக்கு வெளியே நிறுத்துகிறது. மூன்று மாதம் முன் என்பது இங்கே முக்கியம். தேர்தலுக்கென்று சட்டம் எண்ணும் காலம் தொடங்குமுன் கொட்டப்பட்ட பணம் எந்தக் கணக்கறிக்கையிலும் வராது. காசுள்ளவர் முந்திக்கொள்வார், இல்லாதவர் வேட்புமனுவுக்குப் பிறகே தொடங்குவார். மணல், கிறவல், காட்டு நிலம், வீதி ஒப்பந்தம் ஆகியவற்றின் அனுமதிகள் அரசியல் செல்வாக்கோடு பின்னிக் கிடப்பதாக மக்கள் வெளிப்படையாகவே பேசிக்கொள்ளும் ஒரு பிரதேசத்தில், கொடுத்தவரின் பெயரும் தொழிலும் தேர்தலுக்கு முன்னரே வாக்காளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்றைய சட்டப்படி முடிவு வெளியான பின்னரே அது ஒப்படைக்கப்படுகிறது. அப்போது வாக்கு ஏற்கெனவே பெட்டிக்குள் போய்விட்டது.

புலம்பெயர்ந்தோர் பணத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதுபற்றிப் பேசும்போது எங்கள் பக்கத்தில் ஒரு தயக்கம் உண்டு. வெளிநாட்டில் பதிவுசெய்யப்பட்ட ஒரு சங்கமோ நிறுவனமோ தன் பெயரில் வேட்பாளருக்கு அனுப்பினால் அது தடைக்குள் வருகிறது. ஆனால் அதே பணம் பத்துப் பேரின் பெயரில், பத்து உறவினரின் கணக்குக்கு, வங்கி வழியாகவோ, வங்கிக்கு வெளியே கைமாற்றும் உண்டியல் வழியாகவோ வந்து சேர்ந்தால் அது குடும்பச் செலவுக்கு வந்த பணத்தில் இருந்து வேறுபட்டுத் தெரிவதில்லை. மாதாமாதம் வெளிநாட்டில் இருந்து வரும் பணத்தில் உயிர்வாழும் வீடுகள் இங்கே ஏராளம். அவற்றையெல்லாம் சந்தேகக் கண்ணோடு பார்ப்பது பெரும் அநியாயம். அதேவேளை, இங்கே வாழ்ந்து, இங்கே வரி கட்டி, இங்கேயே வாக்களிப்பவரின் குரலைவிட, தொலைவில் இருந்து காசு அனுப்புபவரின் குரல் ஒரு வேட்பாளரின் காதில் உரத்துக் கேட்குமானால், அதனால் பாதிக்கப்படுவது வன்னி வாக்காளரே. அனுப்புபவர் அன்பினால்தான் அனுப்புகிறார் என்பதை நான் மறுக்கவில்லை. பெயரோடு அனுப்புங்கள், வாங்குபவரைப் பெயரோடு எழுதச் சொல்லுங்கள் என்றே கேட்கிறேன்.

அரச பணம் வேறொரு வழியில் வன்னித் தேர்தலைத் தொடுகிறது. 1990இல் மன்னாரில் இருந்தும் வடக்கின் ஏனைய பகுதிகளில் இருந்தும் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பலர் புத்தளத்தில் வாழ்ந்துகொண்டு, வாக்குரிமையை மன்னாரில் வைத்திருக்கிறார்கள். வாக்களிக்க அவர்கள் நூறு கிலோமீற்றருக்கும் அதிகமாகப் பயணம் செய்யவேண்டும். வாடகை வாகனத்தில் வாக்காளரை வேட்பாளர் ஏற்றிச்செல்வது தேர்தல் குற்றம். அரசு ஏற்றினால்? 2019 நவம்பர் 16, ஜனாதிபதித் தேர்தல் நாளன்று, புத்தளத்தில் இருந்து மன்னார் நோக்கி வந்த பஸ் வண்டிகள் தந்திரிமலைப் பகுதியில் தாக்கப்பட்டன. அந்தத் தேர்தலுக்காக இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ்கள் 222ஐ அரச நிதியில் அமர்த்தியதாகக் குற்றம் சாட்டப்பட்டு, அப்போதைய அமைச்சர் ஒருவர் 2020 ஒக்டோபரில் கைதானார். அவர் பக்கத்து நியாயம் எதுவாயினும், அடிப்படைக் கேள்விக்கு எவரும் விடை சொல்லவில்லை: இடம்பெயர்ந்த ஒருவர் தன் வாக்கைப் போடச் செல்லும் பஸ் கட்டணத்தை யார் கொடுப்பது? அரசு கட்சிசாராமல் கொடுக்க ஒரு விதி இருந்திருந்தால் ஒரு கட்சி கொடுக்கவேண்டிய தேவை வந்திருக்காது. கட்சி கொடுத்தால் அது கடன். கடன்பட்ட வாக்கு சுதந்திரமான வாக்கு அல்ல.

தேர்தலை நடத்தும் பணமே இல்லாமற்போன அனுபவமும் எங்களுக்கு உண்டு. 2023 மார்ச் 9 அன்று நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல், திறைசேரி பணம் விடுவிக்காததால் நின்றது. அது அடிப்படை உரிமை மீறல் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஓகஸ்ட் 22 அன்று தீர்ப்பளித்தது. ஒரு வேட்பாளரின் செலவுக்கு வரம்பு போட்ட அதே ஆண்டில், தேர்தலுக்கான அரசின் செலவை ஆட்சியாளர்களே நிறுத்த முடிந்தது.

அயலில் இந்தியாவைப் பார்த்தால் எச்சரிக்கையும் படிப்பினையும் சேர்ந்தே கிடைக்கின்றன. அங்கே மக்களவை வேட்பாளருக்குப் பெரிய மாநிலங்களில் 95 இலட்சம் இந்திய ரூபா வரம்பு. கட்சிக்கோ வரம்பே இல்லை. வேட்பாளரின் கணக்கு அடக்கமாக இருக்க, கட்சியின் கை தாராளமாக ஓடும். 2019 ஏப்ரலில் வேலூரில் பெருந்தொகைப் பணம் பிடிபட்டதும் அத்தொகுதியின் தேர்தலையே இரத்துச் செய்யும் துணிவு அங்கே இருந்தது. அதே நாட்டில்தான், 2018இல் தொடங்கிய தேர்தல் பத்திரத் திட்டத்தின் கீழ், கம்பனிகள் ஸ்டேட் வங்கியில் பத்திரம் வாங்கிக் கட்சிக்குக் கொடுத்தன. கொடுத்தவர் யார் என்று வாக்காளருக்குத் தெரியாது. 2024 பெப்ரவரி 15 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் அத்திட்டத்தை அரசியலமைப்புக்கு முரணானது என்று நீக்கி, விவரங்களை வெளியிடச் செய்தது. அந்தத் தீர்ப்பின் அடித்தளம் எளிமையானது: கட்சிக்குக் காசு கொடுப்பவர் யார் என்பதை அறிவது வாக்காளரின் தகவலறியும் உரிமையின் ஒரு பகுதி. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1976இலும் 2010இலும் செலவு வரம்புகளைப் பேச்சுச் சுதந்திரத்தின் பெயரால் தள்ளுபடி செய்தது. ஆனால் அந்த இரண்டு தீர்ப்புகளுமே பெயரை வெளியிடும் கடமையைத் தள்ளவில்லை. வரம்பைப் பற்றி நாடுகள் சண்டையிடுகின்றன. வெளிப்படைத்தன்மையைப் பற்றி அவ்வளவாக இல்லை. எனக்கு இதுதான் இலங்கைக்கு மிகவும் பொருந்தும் பாடமாகப் படுகிறது.

அந்த வெளிப்படைத்தன்மைக்கு எங்கள் சட்டம் வைத்திருக்கும் கருவி, 21 நாள் கணக்கறிக்கை. முடிவு வெளியானதில் இருந்து 21 நாட்களுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும், வென்றவர் தோற்றவர் என்ற வேறுபாடில்லாமல், பெற்ற நன்கொடையையும் செய்த செலவையும் சத்தியக் கடதாசியோடு ஒப்படைக்க வேண்டும். கட்சிச் செயலாளரும் சுயேச்சைக் குழுத் தலைவரும் தத்தம் பங்கை ஒப்படைக்க வேண்டும். தவறினால் அது சட்டவிரோத நடத்தை. தண்டப்பணத்தோடு மூன்றாண்டுக்குக் குடியியல் உரிமையையும் இழக்க நேரிடும். காலக்கெடுவைத் தவறவிட்டவர்கள் மீது பொலிஸ் விசாரணையும் வழக்குகளும் தொடங்கியது நல்ல அறிகுறி. எனினும் வழக்குக்கு ஆளானவர்களில் பலர், சட்டத்தின் பெயரே தெரியாமல் சுயேச்சைக் குழுவில் பட்டியலை நிரப்பப் பெயர் கொடுத்தவர்கள். "ஒரு ரூபாவும் செலவழிக்கேல்லை, பிறகென்ன கணக்கு?" என்று அவர்கள் கேட்பது விளங்குகிறது, செலவு பூச்சியம் என்றாலும் பூச்சியத்தை எழுதி ஒப்படைக்கத்தான் வேண்டும். ஒப்படைத்தவர் எழுதியது உண்மையா என்று பார்க்கும் வேலை அதைவிடப் பெரியது. ஆயிரக்கணக்கான அறிக்கைகளைக் கணக்காய்வு செய்ய ஆணைக்குழுவுக்கு அதற்கென்று ஆளணி வேண்டும். அது இல்லாத வரை நேரத்துக்கு வந்த பொய், பிந்தி வந்த உண்மையைவிடப் பாதுகாப்பானது.

சட்டம் இன்னொரு கதவையும் திறந்திருக்கிறது. அது பலருக்குத் தெரியாது. ஒப்படைக்கப்பட்ட அறிக்கைகளை வாக்காளர் எவரும் பார்வையிடலாம். கட்டணம் செலுத்திப் பிரதியும் பெறலாம். இதற்குச் சட்டத்தரணி வேண்டாம். வன்னியில் இதைச் செய்தவர்களை நான் சந்தித்தது மிகக் குறைவு. செய்தியாளர்களும், கமக்காரர் அமைப்புகளும், கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாவட்டத் தேர்தல் அலுவலகத்தின் அந்தக் கோப்புகளைத் திறந்து பார்த்தால், சில ஒப்பீடுகள் உடனே செய்யமுடியும். அறிக்கையில் உள்ள அச்சுச் செலவையும் ஊருக்குள் வந்த துண்டுப்பிரசுரத்தையும் ஒப்பிடலாம். முகநூலில் ஓடிய கட்டண விளம்பரங்களை மெற்றா நிறுவனத்தின் விளம்பரக் களஞ்சியத்தில் தேடி, அறிக்கையில் அந்தச் செலவு இருக்கிறதா என்று பார்க்கலாம். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் வேட்பாளர் கொடுத்த சொத்து விவரத்தை அருகில் வைத்து, இத்தனை இலட்சத்தைத் தன் கையில் இருந்து போட அவருக்கு வழி இருந்ததா என்று கேட்கலாம்.

வடமாகாண சபைக்குக் கடைசியாக 2013 செப்டெம்பர் 21 அன்று வாக்களித்தோம். அடுத்த மாகாண சபைத் தேர்தல் எப்போது நடந்தாலும் 2023ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கும் பொருந்தும். அதற்காக 2024 நவம்பரிலும் 2025 மேயிலும் என் வீட்டுக்கு வந்த துண்டுப்பிரசுரங்கள் அத்தனையையும் ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றின் கடைசி வரியையும் ஒரு கொப்பியில் எழுதி, அச்சகம், ஊர், கைக்கு வந்த திகதி என்று நிரல் போட்டாயிற்று. நான்காவது நிரல், கணக்கறிக்கையில் அந்த வேட்பாளர் எழுதிய அச்சுச் செலவு. அது இன்னும் வெறுமையாக இருக்கிறது. வயல் வேலை ஓய்ந்ததும் மாவட்டத் தேர்தல் அலுவலகத்துக்குப் போய்ப் பிரதிக்கு விண்ணப்பிக்க இருக்கிறேன். சப்பாத்துப் பெட்டியோடு கணக்கு எழுதிய அந்த இளைஞரும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.